கழற்றிப் பார்த்தே கற்ற ஜி.டி. நாயுடு

தாராவியில் பட்டறை வேலை செய்யும், செம்பூரில் லாரி ஓட்டும் நம்மவர்கள் அவசியம் அறிய வேண்டியவர் ஜி.டி. நாயுடு. கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்.

பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிள் மீது ஆசைப்பட்டு, ஓட்டலில் சர்வராக இருந்து பணம் சேர்த்து அதையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. பாகம் பாகமாகக் கழற்றினார், மறுபடி பூட்டினார். பிறகு திருப்பூரில் பருத்தி அரைவை ஆலை நடத்தினார். அதில் கிடைத்த லாபத்தை நமது பம்பாய்ப் பஞ்சு வியாபாரத்தில் கோட்டைவிட்டார்! கையைச் சுட்டுக்கொண்டு ஊர் திரும்பி, 1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சி–பழனி சாலையில் தாமே ஓட்டினார்.

பஸ்ஸில் ஏறுகிறவர் உயிர் சக்கரத்தில். சக்கரத்தின் உயிர் பேரிங்கில். நட்டை மிகையாக இறுக்கினால் சூடேறி, கிரீஸ் உருகி, உருளைகள் பிடித்துக்கொள்ளும். தளர விட்டால் சக்கரம் ஆடும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, அந்த வண்டிக்குரிய அளவு தளர்த்தி, ஸ்பிளிட் பின் போட வேண்டும். ரயில்வேயில் நாங்கள் 'ஹாட் ஆக்சில்' என்றால் நடுங்குவோம். மும்பை மழைத் தண்ணீரில் முங்கி வந்த லாரி, டிரெய்லர்களின் ஹப்பைத் திறந்து, பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்திப் புது கிரீஸ் அடைக்காவிட்டால் துரு தின்றுவிடும். டிரெய்லருக்கு எஞ்சின் இல்லையே என்று பலர் அதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அதற்கும் பேரிங் உண்டு!

இறுக்கமும் தளர்ச்சியும் கைக்குத் தெரிய வேண்டிய வித்தை. நாயுடு கற்றதெல்லாம் அப்படித்தான். ஒரு பஸ் பெருகி, யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய கம்பெனியாயிற்று. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவின் முதல் மின் மோட்டாரை உருவாக்கினார்.

1945-ல் கோவையில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் ஏற்படுத்தினார். இரண்டு ஆண்டில் கற்பிக்கக்கூடியதை நான்காண்டு இழுப்பது பிள்ளைகளின் வயதை வீணாக்குவது என்பது அவர் கட்சி. அரசு நான்காண்டில் பிடிவாதமாக நிற்கவே, கல்லூரியை விட்டு விலகினார். இதில் அவர் சொன்னது முழுக்கச் சரியா என்று படித்தவர்கள் வாதாடலாம். பட்டறைக்காரர்கள் அவர் பக்கம்தான்.

1974 ஜனவரி 4-ல் காலமானார். 2025-ல் கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட நீண்ட மேம்பாலத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது.