வமிச வலை வரைந்த புஃபோன்

பிரான்சு நாட்டின் மோன்பார் என்னும் சிற்றூரில் 1707-இல் பிறந்தவர் புஃபோன். சட்டம் பயின்றார், மனமோ கணிதத்தை நாடியது. 1739-இல் பாரிசின் அரசத் தோட்டத்துக்குத் தலைவரானார். 1749-இல் தொடங்கிய அவருடைய ‘இயற்கை வரலாறு’ 36 தொகுதிகளாக வளர்ந்தது.

பூமியின் வரலாறு பற்றி அவர் எழுதியதை 1751-இல் பாரிஸ் மதபீடத்தார் கண்டித்தனர்; பணிந்தார். கழுதையும் குதிரையும் ஒரே மூதாதையின் வழிவந்தவையோ என்று 1753-இல் கேட்டார். கேட்டவரே இல்லையென்றும் முடித்தார்.

ஆனால், 1755-இல் நாய்களின் வமிசத்தை வரைந்தபோது அவர் கை தயங்கவில்லை. மந்தை காக்கும் நாயை மூலமாக வைத்துக் கிளைகள் பிரித்தார். இரண்டு வகைகள் கலந்து பிறந்தவற்றுக்கு இரு பக்கமிருந்தும் கோடிழுத்தார். மரம் வலையாயிற்று!

மரத்தில் பிரிந்த கிளை மீண்டும் சேராது; உயிர்களோ சேர்வதுண்டு. இன்று ஒரு மரபணு ஒரு மரத்தையும், மற்றொன்று வேறு மரத்தையும் காட்டினால், கணிப்பொறி இரண்டையும் ஒரே வலையில் அடக்கிக் காட்டுகிறது. நாய்க்கு மூலம் ஓநாய் என்பதும் இன்று தெளிவு.

1788-இல் மறைந்த அந்த அறிஞர் மூலத்தில் தவறினார், கலப்பினை மறைக்கவில்லை. நண்பர்களே, நம் ஆய்விலும் மரத்துக்கு அடங்காத கோடொன்று எழுமானால், அதை அழித்துவிட வேண்டாம்!