காஷான் நகரின் அபுல் காசிம்

பாரசீக மொழியில் சுவரில் பதிக்கும் மெருகிட்ட ஓட்டிற்குக் காஷி என்று பெயர். ஈரான் நாட்டுக் காஷான் நகரின் பெயரே அங்கு விளைந்த பொருளுக்கும் பெயராக நிலைத்துவிட்டது. அந்நகரில், மண்ணைப் பொன்போல் மின்னச் செய்யும் கலைஞர்களின் குடும்பத்தில் பிறந்து, எழுதுகோலைப் பற்றி அரசவை ஏறியவர் அபுல் காசிம் அப்துல்லாஹ் காஷானி. மங்கோலிய மன்னர் உல்ஜாய்த்துவின் ஆட்சி வரலாற்றை எழுதியவர் என்று வரலாற்று மாணவர் அவரை அறிவர். நாம் இங்கு அவரை நினைவுகூர்வது வேறொரு நூலின் இறுதியில் அவர் சேர்த்து வைத்த சில ஏடுகளுக்காக.

அவருடைய கொள்ளுப்பாட்டனார் அபூ தாஹிர். பாட்டனார் முஹம்மது, ஹிஜ்ரி 612இல் (கி.பி. 1215) மஷ்ஹதிலுள்ள இமாம் ரிளா அவர்களின் அடக்கத்தலத்திற்கு ஓடுகள் செய்தளித்தோருள் ஒருவர். தந்தையார் அலீ, ஹிஜ்ரி 663இல் (கி.பி. 1265) வராமீன் நகரில் இமாம்சாதா யஹ்யா அடக்கத்தலத்திற்கு 12 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் ஒரு மிஹ்ராபைச் செய்து தம் பெயரைப் பொறித்தார். அந்த மிஹ்ராப் இன்று ஹவாய்த் தீவுகளின் ஹோனலூலு நகரில் இருக்கிறது. தொழுகையின் திசையைக் காட்ட எழுப்பப்பெற்ற ஒன்று காட்சிப்பொருளாகக் கடல்கடந்து நிற்பதை எண்ணுங்கால் நம் நெஞ்சம் கனக்கவே செய்கிறது.

மங்கோலியப் படையெடுப்பில் ஈரானின் நகரங்கள் பல அழிந்தன. காஷானின் சூளைகளோ முற்றும் அணைந்துவிடவில்லை. படையெடுத்து வந்தோரின் வழித்தோன்றல்களே பின்னர் தங்கள் அரண்மனைகளுக்கு ஓடு வேண்டினர். கி.பி. 1295இல் கஸான் மன்னர் இஸ்லாத்தைத் தழுவினார். அபுல் காசிம் கல்வியும் கணக்கும் கற்று அரசவைப் பணியில் நுழைந்தது இக்காலத்தை ஒட்டியே. சகோதரர் யூசுஃப் குடும்பத் தொழிலிலேயே நின்றார்.

ஹிஜ்ரி 700இல் (கி.பி. 1301) அபுல் காசிம் மணிகளையும் நறுமணப் பொருள்களையும் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் பெரும்பகுதி முன்னோர் எழுதிய மணிநூல்களை அடியொற்றியதே என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. இறுதியில் வரும் ஓட்டுக்கலைப் பகுதியே அவருடைய தனிச்செல்வம். அக்கலையை இரசவாதத்தின் ஒரு வகையாகவே அவர் கருதுகிறார். வெண்கல் தூள் பத்துப் பங்கு, அரைத்த கண்ணாடிக் கலவை ஒரு பங்கு, வெண்களிமண் ஒரு பங்கு. இதுவே ஓட்டின் உடல். ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த மெருகைப் பூசி ஒருமுறை சுடவேண்டும். நீல வண்ணம் தரும் கல் காஷானை அடுத்த கம்சர் என்னும் சிற்றூரின் மலையில் கிடைத்தது. விறகின் பட்டையை உரிக்க வேண்டும் என்பதைக்கூட அவர் விடவில்லை. புகை படிந்தால் மெருகு கெடும்.

பொன்னொளி பெறுவது அதன் பின்னர்தான். தாளகம், சுட்ட செம்பு, வெள்ளி முதலியவற்றை நன்கு அரைத்து, திராட்சைச் சாற்றிலோ காடியிலோ குழைத்து, முன்பே சுட்ட ஓட்டின்மேல் எழுதுவர். அதற்கென அமைத்த இரண்டாம் சூளையில் 72 மணி நேரம் மெல்லிய புகை ஊட்டுவர். முதற் சூளையில் விலக்கிய புகையே இங்கு வேலை செய்கிறது! புகை உயிர்வளியை ஈர்த்துக்கொள்ள, வெள்ளியும் செம்பும் மெருகின் மேற்பரப்பில் மிக நுண்ணிய துகள்களாகத் தங்கிவிடுகின்றன. ஆறியபின் ஈரமண்ணால் தேய்த்தால் கருகிய படலம் நீங்கிப் பொன்னிறம் வெளிப்படும். வெப்பம் சற்று மிகுந்தாலும் குறைந்தாலும் பல நாள் உழைப்பு பாழ். தந்தை மகனுக்குக் கையால் காட்டிவந்த இத்தகைய தொழில் நுட்பத்தை ஏட்டில் ஏற்றியமைக்காக நாம் அவருக்குக் கடன்பட்டுள்ளோம். சூளையருகே வளராத எழுத்தர் எவரும் விறகின் பட்டையைப் பற்றி எழுத நினைத்திருக்க மாட்டார்.

அரசவை வாழ்வு அவருக்கு மனநிறைவு தரவில்லை. அமைச்சரும் மருத்துவருமான ரஷீதுத்தீன், ஜாமிஉத் தவாரீஹ் என்னும் உலக வரலாற்றை மன்னரிடம் அளித்துப் பெரும் பரிசு பெற்றார். அந்நூல் தம்முடைய உழைப்பு என்றும், தமக்கு ஒன்றும் கிட்டவில்லை என்றும் அபுல் காசிம் தம் வரலாற்று நூலில் மனம் வெதும்பி எழுதியிருக்கிறார். ஆய்வாளர் பலர் இதனை முழுதாக ஏற்பதில்லை. அந்நூலுக்காகப் பலர் உழைத்தனர், அவர்களுள் இவரும் ஒருவராயிருக்கலாம் என்பர். நமக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆயினும் அவர் பட்ட வேதனையைப் பொய்யென்று தள்ள மனம் வரவில்லை. ஓட்டில் பெயர் எழுதிப் பழகிய குடும்பத்தில் வந்தவர் அல்லவா? ரஷீதுத்தீனும் கி.பி. 1318இல் கொலைத்தண்டனைக்கு உள்ளாகி மறைந்தார்.

அபுல் காசிமின் ஓட்டுக்கலை ஏடுகள் இஸ்தான்புல் நூலகத்தில் காக்கப்பட்டன. 1935இல் ஜெர்மன் மொழியிலும் 1973இல் ஆங்கிலத்திலும் அறிஞர்கள் அவற்றைப் பெயர்த்து வெளியிட்டனர். அருங்காட்சியகங்களில் சிதறிக்கிடக்கும் எண்கோண விண்மீன் ஓடுகளும் சிலுவை வடிவ ஓடுகளும் எவ்வாறு உருவாயின என்று ஆராய்வோர் இன்றும் முதலில் நாடுவது இவ்வேடுகளையே.

சகோதரர் யூசுஃப் ஹிஜ்ரி 734இல் (கி.பி. 1334) கும் நகருக்காகச் செய்த மிஹ்ராப் இன்று தெஹ்ரான் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் அவர் தம் பெயரோடு தந்தை அலீ, பாட்டனார் முஹம்மது, கொள்ளுப்பாட்டனார் அபூ தாஹிர் ஆகியோர் பெயர்களையும் வரிசையாக எழுதியிருக்கிறார். அக்குடும்பத்தார் ஆண்டு குறித்துச் செய்தவற்றுள் நமக்குக் கிடைத்திருப்பனவற்றில் அதுவே கடைசி.