புச்சிபாபு

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் விடுமுறை நாளில் மட்டையேந்தி நிற்கும் நம் மாணவ நண்பர்கள் புச்சிபாபு என்பதை ஒரு போட்டியின் பெயராக நன்கறிவர். அப்பெயருக்குரிய மனிதரை அறிந்தோர் சிலரே.

இயற்பெயர் வெங்கடமகிபதி நாயுடு. 1868-இல் பிறந்தார். மயிலை லஸ் பகுதியில் மாளிகை வாழ்வு. ஆங்கில ஆசிரியைகளின் வளர்ப்பு. கிரிக்கெட் ஆர்வம் அவ்வழி வந்ததே.

1846-இல் தோன்றிய சென்னைக் கிரிக்கெட் கழகம் அந்நாளில் வெள்ளையருக்கே உரியது. சேப்பாக்கத்தில் அவர்களோடு ஆட வந்த இந்தியர் களத்தில் இறங்கலாம். மண்டபத்தில் உடன் அமர்ந்து உண்ணலாகாது. மரத்தடிதான் அவர்களுக்கு உணவுக்கூடம்! ஆட்டத்தில் சமம், சோற்றில் சமமில்லை என்னும் இவ்விந்தை வழக்கம் புச்சிபாபுவின் நெஞ்சைச் சுட்டது. மனு எழுதிக்கொண்டிருப்பவரல்லர் அவர். 1888-இல், இருபது வயதளவில், மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தோற்றுவித்தார். எஸ்பிளனேடு திடலில் ஆடுகளம் அமைந்தது. மட்டையும் உடையும் வாங்க வகையற்ற இளைஞர்க்குத் தம் பொருளிலேயே வாங்கித் தந்தார். செல்வர் பலர் கேளிக்கையில் கரைத்த பணம் இவரிடம் இப்படிச் செலவாயிற்று.

வெள்ளையர் கழகமும் இறுதியில் இணங்கியது. இந்தியர் அணிக்கும் ஐரோப்பியர் அணிக்குமான போட்டி 1908 டிசம்பர் இறுதியில் சேப்பாக்கத்தில் என முடிவாயிற்று. தலைவர் புச்சிபாபு. ஆனால் போட்டிக்குச் சில நாட்களே இருக்கையில் அவர் காலமானார், வயது நாற்பது. பி. சுப்பிரமணியம் தலைமையேற்றார்.

அவருடைய மைந்தர் சி. ராமசாமி 1936-இல் மான்செஸ்டரில் இந்தியாவுக்காக முதன்முதல் டெஸ்ட் ஆடினார். அவருக்கும் அப்போது வயது நாற்பது. எடுத்த ஓட்டங்கள் 40, 60.