ஆசிரியர்க்கு ஆசிரியர் வீரமாமுனிவர்

பங்கின் யூபிலி ஆண்டில் நாம் நன்றியோடு நினைக்க வேண்டியவர்கள் பலர். ஆலயப் பணிக்கு உழைத்தோரையும், மலையேறி வந்து திருப்பலி நிறைவேற்றிய குருக்களையும் இம்மலரின் மற்றப் பக்கங்கள் போற்றும். இப்பக்கத்தில் நாம் நினைவுகூர விரும்புவது தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரை. அவர் பெரும் கவிஞர் என்பதை நாடறியும். கற்பிப்போரை ஆயத்தம் செய்தவர் என்பது அவருடைய மற்றொரு பெருமை. கொல்லிமலையில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நமக்கு அப்பெருமையே மிகவும் வேண்டியது.

முப்பது வயதில் அரிச்சுவடி

இத்தாலி நாட்டில், புனித ஞானப்பிரகாசியார் பிறந்த அதே காஸ்திலியோனே என்னும் ஊரில், 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் கொன்ஸ்தான்சோ யோசேப்பு பெஸ்கி பிறந்தார். 1698-இல் இயேசு சபையில் சேர்ந்து, 1709-இல் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டு லிஸ்பனில் கப்பலேறி, கோவா வழியாக 1711-இல் மதுரை மிஷனை அடைந்தார்.

அப்போது அவருக்கு வயது முப்பது. மேலை நாட்டில் உயர்கல்வி முடித்து வந்த குருவானவர், இங்கே அரிச்சுவடி பயிலும் பிள்ளையானார். சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் கற்றார் என்பது வழிவழி வரும் செய்தி. தைரியநாதர் என்று தாம் சூடிய பெயர், பின்னர் வீரமாமுனிவர் என்று செந்தமிழ் வடிவம் பெற்றது.

நமது ஆகாய கங்கையாய் விழும் அய்யாற்று நீர் சமவெளியில் காவிரியோடு கலக்கிறது. அந்தக் காவிரியினின்று பிரியும் கொள்ளிடத்தின் வடகரையில் உள்ளது ஏலாக்குறிச்சி என்னும் திருக்காவலூர். அடைக்கல மாதா வீற்றிருக்கும் அவ்வூரே அவருடைய எழுத்துப் பணிக்கு நெடுங்காலம் இருப்பிடமாயிற்று.

வீட்டுத் தமிழும் ஏட்டுத் தமிழும்

மக்கள் பேசும் தமிழ் ஒன்று, புலவர் எழுதும் தமிழ் வேறொன்று என்பதை முனிவர் விரைவில் கண்டுகொண்டார். கொடுந்தமிழ் என்று ஒதுக்கப்பட்ட பேச்சு மொழியை அவர் பிழையென்று தள்ளவில்லை. புதிதாக வரும் குருக்கள் மக்களின் பேச்சை அறிந்தாலன்றி அவர்களுக்கு எதையும் கற்பிக்க இயலாது என்று உணர்ந்து, பேச்சுத் தமிழுக்கென்றே இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதி 1728-இல் முடித்தார். செந்தமிழுக்கு வேறோர் இலக்கணம் செய்தார். கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-இல் அச்சிட்டவர்கள் தரங்கம்பாடி லுத்தரன் மிஷனார். சமயக் கருத்தில் முனிவரோடு கடுமையாக மாறுபட்டவர்களும் அந்நூலின் பயனை ஒப்புக்கொண்டார்கள்.

ஓலையில் ஒரு சுழி

அந்நாளில் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். பிறகு ஓலையில் எழுத்தாணி பிடித்தார்கள். பழைய மரபுப்படி குறிலாகிய எகர ஒகரங்களின் மேல் புள்ளி வைக்க வேண்டும். ஆனால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப் போகும் என்று பலர் அதை விட்டுவிட்டனர். மெய்யெழுத்துக்கும் இதே கதிதான். ஆகவே ஓலையில் ஒரு சொல்லைக் காணும் பிள்ளைக்கு அது தென் என்னும் திசையா, நம் மலைத் தேனா என்பது தெரியாது. கொல்லி என்னும் நம் ஊர்ப் பெயரையே வேறு விதமாய் வாசிக்க இடமுண்டு. பொருள் முன்பே தெரிந்தவன்தான் எழுத்தைச் சரியாக வாசிப்பான். வீட்டில் புத்தக வாசனை இல்லாத பிள்ளைக்கு வழி ஏது?

முனிவர் குறிலை அப்படியே விட்டு, நெடிலுக்கு ஓர் அடையாளம் கொடுத்தார். ஏகாரத்தின் கீழ் ஒரு கோடும், ஓகாரத்தின் அடியில் ஒரு சுழியும், உயிர்மெய்யில் இரட்டைச் சுழிக் கொம்பும் வந்தன. இன்று நம் பிள்ளைகள் தேன் என்று தடுமாற்றமின்றி வாசிக்கிறார்களே, அது அவர் செய்த உபகாரம். பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் கல்லை அகற்றினார்.

அவரவர்க்கு ஏற்ற நூல்

பரந்த மதுரை மிஷனில் குருக்கள் சிலரே இருந்தனர். ஊர்தோறும் மந்திரம் சொல்லிக் கொடுத்து மக்களைக் காத்தவர்கள் உபதேசியார்களே. ஆகவே போதிப்பவன் முதலில் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று கருதி, அவர்களுக்காக வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை எழுதினார். அதைக் கைந்நூலாக வைத்துக்கொண்டு உபதேசியார் பலர் பணியாற்றினார்கள்.

புலவர்களுக்குத் தேம்பாவணி என்னும் காவியத்தையும், தொன்னூல் விளக்கம் என்னும் இலக்கணத்தையும் தந்தார். அம்மானைப் பாட்டில் பழகியவர்களுக்குக் கித்தேரி அம்மாள் அம்மானை பாடினார். நிகண்டுச் செய்யுளை மனப்பாடம் செய்ய இயலாதவரும் சொல்லின் பொருளைத் தேடிக் காணும்படி, 1732-இல் சதுரகராதியை அகர வரிசையில் அமைத்தார். எல்லோருக்கும் ஒரே நூலைக் கொடுத்து, விளங்காதவனை மந்தன் என்று அவர் ஒதுக்கவில்லை.

பேச்சுத் தமிழ் பயில்வோர்க்கென அவர் எழுதிய பரமார்த்த குரு கதையை நம்மில் அறியாதவர் இல்லை. ஆற்றைக் கடந்த சீடர்கள் எண்ணிப் பார்க்கையில், எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான்; ஒருவன் குறைகிறான் என்று எல்லோரும் அழுகிறார்கள். சிரித்து முடித்தபின் சிந்திக்க வேண்டிய கதை இது. கற்க வேண்டியவர்களை எண்ணும் ஆசிரியர் தம்மை அக்கணக்கில் சேர்க்காவிட்டால், வகுப்பில் ஓர் ஆள் எப்போதும் குறைவுதான். முப்பது வயதில் அரிச்சுவடி பிடித்த முனிவர் தம்மைச் சேர்த்தே எண்ணினார்.

நம் மலையில்

நம் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளே. ஆயினும் சாமைக் கொல்லையிலும் மிளகுத் தோட்டத்திலும் கேட்டு வளர்ந்த பேச்சு ஒன்று. பாடப் புத்தகத்தில் காணும் பேச்சு வேறு. பிள்ளை தன் வீட்டுச் சொல்லைச் சொல்லும்போது வகுப்பில் சிரிப்பு எழுமானால், அது வாய் மூடிக்கொள்ளும். வாய் மூடிய பிள்ளை பின் வரிசைக்குப் போகும். பின் வரிசையிலிருந்து காப்பித் தோட்டத்துக் கூலி வேலைக்கு வெகு தூரமில்லை. நாம் இழப்பது ஒரு மதிப்பெண்ணை அன்று, ஒரு பிள்ளையை.

2022-இல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்து, பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்கச் செய்தனர். முனிவர் சென்ற வழியும் இதுவே. நமது ஞாயிறு மறைக்கல்வியிலும் இதைச் செய்யலாம். கற்பிக்க வரும் இளைஞர்கள் முதலில் பிள்ளைகளின் வீட்டுச் சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அச்சொற்களையே பலகையில் எழுதி வாசிக்கச் செய்து, அதன்பின் புத்தகச் சொல்லுக்கு அழைத்துச் செல்லட்டும். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்குப் பாட்டும் கதையும் படிக்கட்டாகட்டும். ஆண்டுதோறும் வகுப்புத் தொடங்குமுன் ஆசிரியர்களுக்கென ஒரு பயிற்சி நாள் நடத்துவது யூபிலிக்கு ஏற்ற காணிக்கையாகும்.

முப்பத்தாறு ஆண்டுகள் இந்நாட்டில் உழைத்த வீரமாமுனிவர், 1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் கேரளத்து அம்பழக்காட்டில் இறைவனடி சேர்ந்தார். 1968-இல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. நம் மலையில் அவருக்குச் சிலை வேண்டாம். பின் வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளை ஒருநாள் எழுந்து நின்று, ஞாயிறு வாசகத்தைத் தடையின்றி வாசிக்கட்டும். அதுவே நாம் அவருக்கு எழுப்பும் நினைவுச் சின்னம். அடைக்கல மாதாவின் வேண்டுதலால் இறைவன் அதற்கு அருள்புரிவாராக.