ராமானுஜன் விட்ட ஒரு படி

இந்த மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் கேட்டார். திருத்தணிக்காரன் என்றால் டாக்டர் ராதாகிருஷ்ணனைத்தான் எழுதுவான் என்று நினைத்திருப்பீர்கள். நானோ கணக்கு வாத்தியார். ராமானுஜனை விட்டால் எனக்கு ஆள் கிடையாது.

1887-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கைத் தவிர எதிலும் மனம் போகாமல் எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குக் கடிதம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஒரு எண் வரைக்கும் எத்தனை பகா எண்கள் உண்டு என்பதற்கும் அவர் ஹார்டிக்கு ஒரு சூத்திரம் எழுதியிருந்தார். பிழை மிகச் சொற்பம் என்று நம்பினார். சின்ன எண்களுக்கு அபாரமாகப் பொருந்தும். ஆனாலும் அந்த நம்பிக்கை தப்பு.

காரணம், காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸில் நம்ம பிள்ளைகள் முழிக்கிற அதே இடம். தொகையிடும் கோட்டை இடப்பக்கம் நகர்த்து என்று விடையில் ஒரே வரி இருக்கும். சும்மா நகர்த்த முடியாதுங்க. வழியில் சார்பு வெடிக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் ரெசிட்யூ என்ற பாக்கியைச் சேர்க்கணும். எங்கள் மலைக்கு 365 படி என்பார்கள். டிசம்பர் 31 படித் திருவிழாவில் படிக்கொரு திருப்புகழ் பாடித்தான் ஏறுவார்கள், ஒன்றையும் தாண்டமாட்டார்கள். அந்த மாதிரி.

பகா எண் கணக்கில் 1 என்ற புள்ளியின் பாக்கி முதன்மையான உறுப்பைத் தருகிறது. ரீமானின் ஸீட்டா சார்பு வகுத்தியில் இருப்பதால், அது பூச்சியமாகும் இடமெல்லாம் வெடிப்புதான்; அப்படிப்பட்ட கலப்பெண் பூச்சியங்களுக்கு முடிவே இல்லை. ராமானுஜன் கணக்கில் அவை வரவில்லை. கோஷியின் தேற்றமே அன்று அவருக்குத் தெரியாது. கார் எழுதிய சூத்திரத் தொகுப்பை வைத்துத் தானாகப் படித்தவருக்கு யார் சொல்லித் தருவது?

1914-ல் கப்பலேறினார். ஹார்டியோடு சேர்ந்து அவர் 1918-ல் வெளியிட்ட பிரிவினைக் கட்டுரை அதே கோஷியின் தேற்றத்தின் மேல்தான் நிற்கிறது. 200-ஐ முழு எண்களின் கூட்டலாக எத்தனை விதமாக எழுதலாம்? மக்மாஹன் கையால் போட்டு வைத்த விடை 39,72,99,90,29,388. இவர்கள் சூத்திரத்தில் எட்டே உறுப்புகளைக் கூட்டினால் அந்த எண் வந்து நிற்கிறது! எத்தனை தடவை வகுப்பில் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

1919-ல் நோயோடு திரும்பினார். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்திலும் புதுவகைச் சார்புகளைப் பற்றித்தான் எழுதினார். ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் கண்ணை மூடினார். வயசு 32.