நீந்தத் தெரியாத மாலுமி

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போனால் கோவளம் வருகிறது. அங்கே மீன்படகுகள் மணலில் வரிசையாக இழுத்துப் போடப்பட்டிருக்கும். கடலுக்குப் போய்த் திரும்பும் படகுக்கு அந்த மணல்தான் வீடு.

ஆனால் ஒரே ஒரு மனிதர் சிறிய பாய்மரப் படகில் உலகத்தையே சுற்றக் கிளம்பினால்? அவருக்குச் சொந்த மணல் ஏது? முன்பின் தெரியாத கரைகளில் படகை நிறுத்த வேண்டும். அங்கேயே இரவு தூங்க வேண்டும். காற்று படகைப் பாறையில் மோதிவிடாமல் பிடித்து வைப்பது நங்கூரம் ஒன்றுதான்.

அப்படித் தன்னந்தனியாகக் கிளம்பி, உலகைச் சுற்றித் திரும்பிய முதல் மனிதர் காப்டன் ஜோஷுவா ஸ்லோக்கம். வாழ்நாள் முழுவதும் கடலில் கழித்த இவருக்கு நீந்தத் தெரியாது!

பூட்ஸ் தைத்த பையன்

ஸ்லோக்கம் 1844 பிப்ரவரி 20-ந்தேதி கனடாவில் உள்ள நோவா ஸ்கோஷியாவில் பிறந்தார். தகப்பனார் பூட்ஸ் தைத்து விற்பவர். பையனும் அந்தத் தொழிலில்தான் உட்கார வைக்கப்பட்டான். ஆனால் கண் முழுவதும் கடல் மேல். 14 வயதில் வீட்டைவிட்டு ஓடி, மீன்பிடிக் கப்பலில் சமையல் வேலைக்குச் சேர்ந்தான். 16 வயதில் தாயார் இறந்தார். அதன் பிறகு வீடு என்பதே இல்லை. சாதாரண மாலுமியாகத் தொடங்கி, படிப்படியாக உயர்ந்து காப்டன் ஆனார்.

1871-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வர்ஜீனியா என்ற பெண்ணை மணந்தார். அந்த அம்மாள் கணவரோடு கப்பலிலேயே குடித்தனம் நடத்தினார். 1884-ல் கப்பலிலேயே இறந்தார். ஸ்லோக்கம் மறுமணம் செய்துகொண்டார். 1887-ல் பிரேசில் கரையில் அவருடைய கப்பல் உடைந்து போயிற்று. கையில் பணம் இல்லை. வேறொருவராக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். இவரோ அங்கேயே 35 அடி நீளப் படகு ஒன்றைக் கட்டினார். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, 5,000 மைலுக்கு மேல் கடந்து அமெரிக்கா வந்து சேர்ந்தார்!

புல்வெளியில் கிடந்த படகு

அது நீராவிக் கப்பல் தலையெடுத்த காலம். பாய்க்கப்பல் காப்டனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? 1892-ல் நண்பர் ஒருவர், சிறிது பழுதுபார்க்க வேண்டிய கப்பல் இருக்கிறது, தருகிறேன் என்றார். ஆசையோடு போய்ப் பார்த்தால், ஒரு வயலில் கித்தான் துணி போர்த்திக் கிடந்தது உளுத்துப்போன பழைய படகு. அதன் பெயர் 'ஸ்பிரே'.

ஊரார் சிரித்தார்கள். ஸ்லோக்கம் மரம் வெட்டினார், பலகை அறுத்தார். ஒவ்வொரு பலகையாக மாற்றினார். 13 மாதம் பாடுபட்டார். சாமான்களுக்கு ஆன செலவு 553 டாலர் 62 சென்ட். படகின் நீளம் முப்பத்தாறே முக்கால் அடி. அகலம் 14 அடிக்குச் சற்று அதிகம்.

எடையை எங்கே வைப்பது?

சின்னப் படகில் பெரிய தலைவலி இடந்தான். நங்கூரம் என்றால் கொக்கி மட்டும் அல்ல. அதோடு நீண்ட வடமோ இரும்புச் சங்கிலியோ வேண்டும். நூறு அடி ஆழத்தில் நிற்பதற்கு நூறு அடி வடம் போதாது. பல மடங்கு நீளம் விட வேண்டும். வடம் சரிந்து படுத்து இழுத்தால்தான் கொக்கி தரையைக் கவ்வும். நேராக மேலே இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

சங்கிலி தன் பாரத்தாலேயே கடலடியில் படுத்துக்கொள்ளும். பாறையில் உரசினாலும் சீக்கிரம் அறாது. ஆனால் அந்தப் பாரமே படகுக்கு எமன் ஆகலாம். இன்று சிறு படகுகளில் போடும் 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள சங்கிலியை எடுத்துக்கொள்ளுங்கள். 50 மீட்டருக்கு சுமார் 70 கிலோ! வளர்ந்த ஆள் ஒருவர் எப்போதும் படகின் மூக்கில் நிற்பது போல. அலை வரும்போது மூக்கு தண்ணீருக்குள் குத்தும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் சங்கிலிப் பெட்டியை முடிந்தவரை தாழ்வாகவும், சற்று நடுப்பக்கமாகவும் அமைக்கிறார்கள். மேல்தளத்திலிருந்து ஒரு குழாய் வழியாகச் சங்கிலி உள்ளே இறங்கும். பெட்டியில் சேரும் தண்ணீர் வெளியேற வழி இருக்கும். சங்கிலியின் கடைசி முனையைப் படகோடு ஒரு கயிற்றால் கட்டுவார்கள். ஏன் தெரியுமா? ஆபத்து வந்தால் ஒரே வெட்டில் அறுத்துவிட்டுத் தப்பலாம்!

ஸ்பிரேயில் மூன்று நங்கூரங்கள் இருந்தன. எடை 40, 100, 180 ராத்தல். பெரியது மட்டும் 80 கிலோவுக்கு மேல். படகு ஆடாமல் நிற்க அடியில் சிமெண்டுப் பாரம் வைத்து, அது நகராதபடி மரமுட்டுக் கொடுத்திருந்தார். கரைக்குப் போக ஒரு தோணி வேண்டுமே? முழுத் தோணிக்கு மேல்தளத்தில் இடம் இல்லை. எனவே ஒரு தோணியைப் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கத்தைப் பலகையால் அடைத்து ஏற்றிக்கொண்டார். அந்தப் பாதித் தோணிதான் பின்னால் அவரைச் சாவின் வாசல் வரை கொண்டுபோயிற்று.

தலைக்கு மேல் நங்கூரம்

1895 ஏப்ரல் 24-ந்தேதி பாஸ்டனிலிருந்து புறப்பட்டார். அப்போது வயது 51. டிசம்பர் மாதம் தென் அமெரிக்காவில் உருகுவே கரையோரம் வந்தபோது, ஸ்பிரே மணலில் ஏறிவிட்டது.

படகை மீட்க ஒரே வழிதான் உண்டு. நங்கூரத்தைக் கடலுக்குள் கொண்டுபோய்ப் போட்டு, அதன் வடத்தைப் பிடித்துப் படகை இழுக்க வேண்டும். சிறிய நங்கூரத்தைப் போட்டுப் பார்த்தார். பலிக்கவில்லை. பெரியதையும் அதன் வடத்தையும் தோணியில் ஏற்றினார். பாரம் தாங்காமல் தோணி அலையில் மூழ்கிற்று. வடத்தை வெட்டி, 40 பாகத்தை (ஒரு பாகம் ஆறடி) மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி துடுப்புப் போட்டார்.

தோணி ஒழுகியது. போக வேண்டிய இடம் வருவதற்குள் விளிம்பு வரை தண்ணீர்! ஸ்லோக்கம் எழுந்து நின்றார். நங்கூரத்தைத் தலைக்கு மேல் தூக்கினார். தோணி புரளும் அந்தக் கணத்தில் விட்டெறிந்தார்.

தண்ணீரில் விழுந்த பிறகுதான் தமக்கு நீந்தத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது!

கவிழ்ந்த தோணியைப் பற்றிக்கொண்டார். நிமிர்த்தினால் மறுபடி கவிழும். அரும்பாடுபட்டு அதை நிமிர்த்தி, உப்புத் தண்ணீர் குடித்து, ஒரு துடுப்போடு கரை சேர்ந்தார். பிறகு மிச்ச வடத்தை இணைத்தார். நங்கூரம் சரியான தூரத்தில்தான் விழுந்திருந்தது. வடம் படகில் உள்ள உருளையை ஒரே ஒரு சுற்றுச் சுற்றும் அளவுக்கு எட்டியது. அதற்கு மேல் ஒரு முழம் இல்லை.

இந்தச் சமயத்தில் குதிரையில் ஒரு பையன் வந்தான். ஆளில்லாத படகு என்று எண்ணி, கயிறு கட்டிக் குதிரையை விட்டு இழுத்துப் பார்த்தான்! பாவம், படகுக்காரர் எதிரே வந்து நின்றார். பின்னர் சிலர் வந்து கைகொடுத்தார்கள். கடல் நீர் உயர்ந்ததும் ஸ்பிரே மிதந்தது.

மாகெல்லன் ஜலசந்தியில் வேறு விதமான சோதனை. நங்கூரம் படகைக் காக்கும்; தூங்குகிற மனிதனை யார் காப்பது? நண்பர் ஒருவர் கொடுத்த கம்பள ஆணிகளைத் தளமெங்கும் தூவிவிட்டுப் படுத்தார். நள்ளிரவில் ஏறி வந்தவர்கள் வெறுங்காலோடு மிதித்து, அலறிக்கொண்டு கடலில் குதித்தார்களாம்.

பழைய முளை

46,000 மைல் சுற்றி, 1898 ஜூன் 27-ந்தேதி அமெரிக்காவின் நியூபோர்ட் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார். அப்போது ஸ்பெயினோடு போர் நடந்துகொண்டிருந்ததால் பெரிய வரவேற்பு ஒன்றும் இல்லை. சில நாளில் ஸ்பிரேயைத் தாம் கட்டிய ஊருக்கே கொண்டுபோனார். முதல் முறை நீரில் இறக்கியபோது படகைக் கட்டுவதற்காகக் கரையில் அடித்திருந்த அதே முளையில் மீண்டும் கட்டினார். 1900-ல் பயணக் கதையைப் புத்தகமாக எழுதினார். இன்றும் அது விற்பனையாகிறது.

மார்த்தாஸ் வினியார்டு தீவில் நிலம் வாங்கி விவசாயமும் செய்து பார்த்தார். மனம் ஒட்டவில்லை. 1909 நவம்பரில் அறுபத்தைந்து வயதில் மறுபடி ஸ்பிரேயில் தெற்கு நோக்கித் தனியாகப் புறப்பட்டார் என்பது அரசாங்கக் கணக்கு. அதன் பிறகு அவரை யாரும் காணவில்லை. 1924-ல் அவர் இறந்துவிட்டதாக நீதிமன்றம் அறிவித்தது. ஸ்பிரே என்ன ஆயிற்று என்பதற்கு ஒரு தடயமும் கிடைக்கவில்லை.