இசையரசி கே. பி. சுந்தராம்பாள்

எமது ஆலயங்களின் திருவிழாக் காலங்களில் ஒலிபெருக்கியில் எழும் ஒரு கணீரென்ற பெண்குரலை அறியாதார் இலர். மாம்பழத்துக்காகக் கோபித்துச் சென்ற முருகனை அழைக்கும் ஔவையின் குரலாக அது எம் நெஞ்சில் பதிந்துள்ளது. அக்குரலுக்குரியவரே கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் ஆவார்.

1908 இல் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தார். இளமையிலே தந்தையை இழந்தார். தாயார் பிள்ளைகளுடன் வறுமையில் வாடினார். சிறுமி சுந்தராம்பாள் புகையிரதத்தில் பாடிக் காசு பெற்றுக் குடும்பத்துக்கு உதவினார். அக்குரலைக் கேட்ட எப். ஜி. நடேச ஐயர் அவரை நாடக உலகுக்கு வழிப்படுத்தினார். வேலு நாயரின் குழுவில் சிறுவர் வேடங்களில் தொடங்கியவர், விரைவிலே தனிப் புகழ் பெற்றார்.

அவரது வாழ்வின் திருப்புமுனை எமது இலங்கையிலேயே நிகழ்ந்தது என்பது நாம் பெருமையுடன் நினைவுகூரத்தக்கது. ஏற்கனவே கொழும்பு மேடைகளில் இரசிகர்களைக் கவர்ந்திருந்த அம்மையாருடன் நடிக்க, 1926 ஆம் ஆண்டளவில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா இங்கு வந்தார். உச்சஸ்தாயியில் இணையற்ற அக்கலைஞருக்கு ஈடுகொடுத்தல் எளிதன்று எனப் பலர் அஞ்சினர். அம்மையார் அஞ்சவில்லை. வள்ளி திருமணத்தில் இருவரும் போட்டியிட்டுப் பாடச் சபை மெய்ம்மறந்தது.

மேடையில் இணைந்தவர்கள் வாழ்விலும் இணைந்தனர். ஆயின் கிட்டப்பா முன்னரே மணமானவர். பிறந்த குழந்தையும் நிலைக்கவில்லை. மனக்கசப்பும் பிரிவும் மதுவும் அவ்வாழ்வைச் சிதைத்தன. 1933 டிசம்பரில், தமது 27 ஆவது வயதில் கிட்டப்பா காலமானார். அப்போது அம்மையாருக்கு வயது 25 மட்டுமே.

அன்று முதல் வெள்ளைச் சேலையும் திருநீறுமே அவருக்கு அணிகலன்களாயின. இனி எந்த ஆடவருக்கும் சோடியாக நடிப்பதில்லை என உறுதிபூண்டார். காதற் காட்சிகளால் புகழ்பெற்ற ஒரு நடிகைக்கு இது தொழிலையே துறப்பதற்கு ஒப்பாகும். சில காலம் மேடையையும் விட்டு விலகியிருந்தார். நண்பர்களும் தேசத் தலைவர்களும் வற்புறுத்தியதன் பேரில் மீண்டும் வந்தவர், தம் விரதத்தைக் கைவிடாது வேறு வழி கண்டார். ஆண் வேடம் பூண்டு நந்தனாராகத் தோன்றினார். 1935 இல் வெளிவந்த நந்தனார் திரைப்படத்துக்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய் என்பர். அக்காலத்தில் எவரும் கேள்விப்படாத தொகை அது. வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயர் நடித்தார்.

அதன்பின் மணிமேகலை (1940), எஸ். எஸ். வாசனின் ஔவையார் (1953), பூம்புகார் (1964), திருவிளையாடல் (1965), காரைக்கால் அம்மையார் (1973) எனச் சில படங்களிலேயே நடித்தார். துறவியராகவும் அடியாராகவுமே பெரும்பாலும் தோன்றினார். துயரத்தால் ஏற்ற கோலம் அவரது கலைக்கே முகமாக அமைந்தது. ஔவை என்றதும் எம் கண்முன் நிற்பது இன்றும் அவர் திருவுருவமே. இசைத்தட்டுகளும் வானொலியும் அக்குரலைத் தமிழர் இல்லங்கள்தோறும் கொண்டுசென்றன.

கதர் இயக்கத்திலும் காங்கிரஸ் மேடைகளிலும் பாடித் தேசத் தொண்டு புரிந்தார். 1951 இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். 1969 இல் வெளிவந்த துணைவன் படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான இந்திய தேசிய விருதையும், 1970 இல் பத்மஸ்ரீ விருதையும் பெற்றார்.

1980 இல் அம்மையார் மறைந்தார். புகையிரதத்தில் காசுக்காகப் பாடிய சிறுமியின் குரல், இன்று ஆலய வாசல்தோறும் அடியாரை அழைக்கும் குரலாக நிலைத்துவிட்டது. இழப்பைத் தவமாக்கிய அவ்வாழ்வு எம் இளந்தலைமுறையினர் அறிந்து போற்றத்தக்கதாகும்.